லேப்பிளொட்டை நிறுவி பௌதிகவியல் வாசிப்புகளை வரைபாக்குவது எப்படி

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ பௌதிகவியல் செய்முறைக்குப் போகும் மாணவருக்கு ஒவ்வொரு கிழமையும் வருகிற வேலை ஒன்றுதான். எட்டுப் பத்து வாசிப்புகளை வரைபாக்க வேண்டும், படித்திறனைக் காண வேண்டும், அந்தப் படித்திறனில் எவ்வளவு வழு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் வரைபுத்தாளும் அடிமட்டமும் செய்துவிடும். மூன்றாவதற்குத்தான் மென்பொருள் தேவைப்படுகிறது.

உயர்தர மாணவர்கள் இதைப் பழகலாம். ஆனால் பரீட்சையில் வரைபைக் கையால்தான் கீற வேண்டும், ஆகவே கைப்பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. வீட்டில் கையால் கீறிய கோடு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க மென்பொருள் நல்ல துணை.

எக்செல் போதாதா என்ற கேள்வி உடனே வரும். எக்செல்லின் டிரெண்ட்லைன் கோட்டைக் கீறிச் சமன்பாட்டைத் தரும், படித்திறனின் வழுவைத் தராது. அதற்கு லைன்எஸ்ட் என்ற தனிச் சூத்திரத்தைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் வெவ்வேறு வழு இருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக் கோடு பொருத்தவும் டிரெண்ட்லைனுக்குத் தெரியாது. ஒரிஜின் இவை எல்லாவற்றையும் செய்யும், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். க்னூப்ளொட் இலவசம், 1986 முதல் உலகம் முழுக்கப் பயன்படுவது. கட்டளை தட்டிப் பழகியவருக்கு அதைவிட வேகமானது இல்லை, புதிதாகத் தொடங்குபவருக்குக் கறுப்புத் திரை மிரட்டும்.

இலவச மென்பொருள்களை உருவாக்கும் கேடிஈ சமூகம் தரும் லேப்பிளொட் இலவசம், திறந்த மூலம், மெனுவிலேயே எல்லாம் கிடைக்கும், வழுவைச் சரியாகக் கையாளும். ஆகவே இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. மென்பொருளின் திரை ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே காணும் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு சொற்கள் இடம் மாறலாம், வேலை மாறாது.

தரவிறக்கும் முன்

முதலில் கணினி 64 பிட்டா என்று பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் அபௌட். அங்கே சிஸ்டம் டைப் என்ற வரியில் எழுதியிருக்கும். பாடசாலைக் கணினி அறைகளில் இருக்கும் பழைய 32 பிட் கணினிகளில் புதிய பதிப்புகள் ஏறாது, முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். விண்டோஸ் 10 அல்லது 11, 4 ஜிபி நினைவகம், ஓரிரு ஜிபி வெற்றிடம் இருந்தால் செய்முறை வாசிப்புகளுக்குத் தாராளம்.

லேப்பிளொட்டின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் தரவிறக்குங்கள். தேடுபொறியில் லேப்பிளொட் கேடிஈ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தத் தளம் வரும். அதே பெயரில் விளம்பரங்களுக்கு நடுவே டவுன்லோட் பொத்தான் காட்டும் வேறு தளங்களும் வரும். அவை கூடவே வேண்டாத மென்பொருளையும் ஏற்றிவிடக் கூடியவை.

கோப்பு பெரியது. கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் இறக்குபவர்கள் பக்கத்தில் காட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டேட்டா பக்கேஜில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் அதற்கு ஒதுக்குவது நல்லது. ஹொட்ஸ்பொட் நடுவில் அறுந்தால் பாதிக் கோப்பு முழுக்கோப்புப் போலவே டவுன்லோட்ஸ் போல்டரில் இருக்கக்கூடும். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸில் உள்ள அளவைத் தளத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். வகுப்பு முழுவதற்கும் ஒருவர் இறக்கிப் பென் டிரைவில் கொடுப்பதுதான் நம் பக்கத்தில் வழமை. அப்படிக் கொடுக்கும்போதும் ஒவ்வொருவரும் இந்த அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பென் டிரைவைச் சொல்லாமல் இழுத்தெடுத்தால் பிரதி அரைகுறையாகவே நிற்கும்.

விண்டோஸில் நிறுவுதல்

இறங்கிய எக்ஸ்ஈ கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால், விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது என்று ஒரு நீலப் பெட்டி வரலாம். பரவலாக இறக்கப்படாத மென்பொருளுக்கு ஸ்மார்ட்ஸ்கிரீன் காட்டும் எச்சரிக்கை அது. கோப்பு சொந்தத் தளத்தில் இருந்து வந்தது என்பது உறுதியானால் மட்டும் மோர் இன்ஃபோ என்பதை அழுத்தி, ரன் எனிவே கொடுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்புக்கு இதே எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து நிர்வாகி அனுமதி கேட்கும். வீட்டுக் கணினியில் யெஸ் கொடுத்தால் போதும். பாடசாலை அல்லது பீடக் கணினி என்றால் கடவுச்சொல் அறைப் பொறுப்பாளரிடம் இருக்கும், அவரைக் கேட்டே ஏற்ற வேண்டும். இடையில் வரும் தெரிவுகள் எதையும் மாற்றத் தேவையில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், இன்ஸ்டோல். முடிந்ததும் ஸ்டார்ட் மெனுவில் லேப்பிளொட் என்று தட்டித் திறக்கலாம். மெதுவான வன்தட்டு உள்ள கணினியில் முதல் முறை திறக்கச் சற்றுத் தாமதமாகும். பொறுமை இழந்து நாலு தரம் கிளிக் செய்தால் நாலு சாளரம் திறக்கும்.

உபுண்டுவிலும் மக்கிலும்

உபுண்டுவில் இரண்டு வழி. முதலாவது, டேர்மினலைத் திறந்து சூடோ, ஆப்ட், இன்ஸ்டோல், லேப்பிளொட் என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுத் தட்டி என்டர் அழுத்துவது. கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது வழமைதான். பொதியைக் காணவில்லை என்று சொன்னால் யூனிவேர்ஸ் என்ற களஞ்சியம் அணைந்திருக்கிறது. சொஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸில் அதற்கு எதிரே சரி அடையாளமிட்டு, சூடோ ஆப்ட் அப்டேட் கொடுத்து மீண்டும் முயலுங்கள்.

இந்த வழியில் வருவது சற்றுப் பழைய பதிப்பு. எக்செல் கோப்பை நேரடியாகத் திறக்கும் வசதி 2.10 பதிப்பில்தான் வந்தது. ஆகவே பழைய உபுண்டுவில் சீஎஸ்வி வழியாகவே, அதாவது எண்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு வழியாகவே, போக வேண்டியிருக்கும். புதியதுதான் வேண்டும் என்றால் ஃப்ளட்ஹப்பில் இருந்து ஃப்ளட்பக் பொதியாக எடுக்கலாம். அதோடு கேடிஈயின் அடித்தளப் பொதியும் சேர்ந்து இறங்கும் என்பதால் டேட்டா பல மடங்கு போகும். வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள்.

மக்கில் டீஎம்ஜீ கோப்பைத் திறந்து அப்ளிகேஷன்ஸ் போல்டருக்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது. முதல் முறை திறக்க மறுத்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி பகுதியில் போய் அனுமதி கொடுக்க வேண்டும்.

முதலில் மாற்ற வேண்டிய இரண்டு அமைப்புகள்

செட்டிங்ஸ் மெனுவில் கொன்ஃபிகர் லேப்பிளொட் என்பதைத் திறந்து, ஓட்டோ சேவ் என்பதை இயக்கி இடைவெளியை 5 நிமிடத்துக்கும் குறைவாக வையுங்கள். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் கரண்ட் போனால் அதுவரை செய்ததெல்லாம் போய்விடும். ஆனால் ஓட்டோ சேவ் வேலை செய்ய, கோப்புக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். புதிய புரொஜெக்ட்டைத் திறந்ததுமே ஒரு தரம் சேவ் கொடுத்துப் பெயரிடுங்கள். கோப்பு எல்எம்எல் என்ற பின்னொட்டோடு சேமிக்கப்படும்.

இரண்டாவது, எண் வடிவம். ஜேர்மனியில் இருந்தோ பிரான்ஸில் இருந்தோ நோர்வேயில் இருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினி என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த நாடுகளின் அமைப்பில் தசமத்துக்குக் குற்று இல்லை, காற்புள்ளிதான். 22.1 என்பது அங்கே 22,1. எக்செல்லும் சீஎஸ்வியாகச் சேமிக்கும்போது நிரல்களுக்கு நடுவே காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியைப் போடும். அந்தக் கோப்பை நண்பரின் கணினியில் திறந்தால் ஒரு நிரல் இரண்டாகப் பிளந்து நிற்கும், அல்லது 22.1 என்பது 221 ஆகிவிடும்.

விண்டோஸில் ரீஜன் என்று தேடி, ரீஜனல் ஃபோர்மட்டை இங்கிலிஷ் ஶ்ரீலங்கா அல்லது இங்கிலிஷ் யுனைட்டட் கிங்டம் என்று மாற்றிவிட்டு, எக்செல்லையும் லேப்பிளொட்டையும் மூடித் திறவுங்கள். லேப்பிளொட்டின் அமைப்புகளிலும் தசமக் குறியைத் தனியாகத் தெரியலாம், அங்கும் டொட் இருக்கட்டும். இப்படிப்பட்ட கணினிகளில் விசைப்பலகையும் வேறு என்பதால் அடுக்குக் குறியான ^ ஒரு தட்டில் விழாது. அந்த விசையைத் தட்டி, பிறகு இடைவெளிப் பட்டையைத் தட்டினால் விழும்.

நிறுவியது சரியா: எளிய ஊசலைக் கொண்டு சோதித்தல்

சாளரம் திறந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு தரவைக் கொடுத்து, அந்த விடை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் உங்கள் சொந்த வாசிப்புகளை அதில் நம்பிப் போடலாம். அதற்கு எளிய ஊசல் மிகப் பொருத்தம். கீழே உள்ளவை பயிற்சிக்கென அமைத்த எண்கள். முதல் எண் ஊசலின் நீளம் மீற்றரில், இரண்டாவது 20 அலைவுகளுக்கு எடுத்த நேரம் செக்கனில்.

0.30, 22.1
0.40, 25.3
0.50, 28.5
0.60, 31.1
0.70, 33.7
0.80, 35.9
0.90, 38.2
1.00, 40.1

நோட்பாட்டைத் திறந்து இந்த எட்டு வரிகளையும் இப்படியே தட்டி, ஊசல் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயரில், சீஎஸ்வி என்ற பின்னொட்டோடு சேமியுங்கள். சேமிக்கும்போது சேவ் ஆஸ் டைப் என்பதை ஓல் ஃபைல்ஸ் ஆக்காவிட்டால் பெயருக்குப் பின்னால் டீஎக்ஸ்டீயும் ஒட்டிக்கொள்ளும்.

லேப்பிளொட்டில் ஃபைல், இம்போர்ட், ஃபுரொம் ஃபைல் என்று போய் அந்தக் கோப்பைத் தெரியுங்கள். எங்கே கொண்டுவந்து போடுவது என்று கேட்கும் இடத்தில் புதிய ஸ்பிரெட்ஷீட் ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். செப்பரேட்டர் காற்புள்ளி. முதல் வரியில் தலைப்பு இல்லை என்பதால் தலைப்பு வரி பற்றிய தெரிவை எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் 0.30 என்ற முதல் வாசிப்பு நிரலின் பெயராகிவிடும், எட்டுக்குப் பதில் ஏழு புள்ளிகளே வரும். பிரிவியூ பெட்டியில் எட்டு வரிகளும் இரண்டு நிரல்களாக நிற்கின்றனவா என்று பார்த்த பின்பே ஓகே கொடுங்கள்.

உள்ளே வந்ததும் ஒவ்வொரு நிரலையும் தெரிந்து, பக்கத்தில் உள்ள புரொப்பர்ட்டீஸில் டைப் என்ன என்று பாருங்கள். டபிள் என்று இருக்க வேண்டும். டெக்ஸ்ட் என்று இருந்தால் எங்கோ ஒரு கட்டத்தில் எண்ணோடு எழுத்தும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 22.1 s என்று அலகையும் சேர்த்துத் தட்டுவதும், குற்றுக்குப் பின் இடைவெளி விடுவதும்தான் அடிக்கடி நடப்பவை. அலகு நிரலின் பெயரில் இருக்க வேண்டும், கட்டத்துக்குள் எண் மட்டும்.

இனி அலைவுகாலத்தின் வர்க்கம் வேண்டும். ஸ்பிரெட்ஷீட்டில் மூன்றாவது நிரல் ஒன்றைச் சேருங்கள். அதன் தலையில் வலது கிளிக் செய்து ஜெனரேட் டேட்டா, அதற்குள் ஃபங்ஷன் வல்யூஸ். வரும் பெட்டியில் எக்ஸ் என்ற மாறிக்கு இரண்டாவது நிரலை, அதாவது 20 அலைவுகளின் நேரத்தைத் தெரிந்து, சூத்திரமாக (x/20)^2 என்று தட்டி ஜெனரேட் கொடுங்கள். முதல் கட்டத்தில் 1.221025, கடைசிக் கட்டத்தில் 4.020025 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் மாறிக்குத் தவறான நிரலைக் கொடுத்திருப்பீர்கள்.

நீளத்தின் நிரலுக்கு பிளொட் டெசிக்னேஷனை எக்ஸ் என்றும் வர்க்கத்தின் நிரலுக்கு வை என்றும் ஆக்குங்கள். இரண்டையும் சேர்த்துத் தெரிந்து, வலது கிளிக், பிளொட் டேட்டா. புதிய வேர்க்‌ஷீட்டில் வரையச் சொல்லுங்கள். புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு ஒரு கோடு ஓடினால் அதை அகற்றிவிடுங்கள். வளைகோட்டின் புரொப்பர்ட்டீஸில் லைன் பகுதியில் நண் என்றும் சிம்பல் பகுதியில் வட்டம் என்றும் தெரிந்தால் புள்ளிகள் மட்டும் நிற்கும். வாசிப்புகளைக் கோட்டால் தொடுத்துக் காட்டுவது பௌதிகவியல் வரைபில் பிழை. இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று நீங்கள் அளக்கவில்லை.

கோடு பொருத்துதல்

புள்ளிகளின் மேல் வலது கிளிக் செய்து அனலிசிஸ், ஃபிட். கட்டகரி என்பதில் பேசிக் ஃபங்ஷன்ஸ், மொடல் என்பதில் பொலினோமியல், டிகிரி 1. அதாவது சீ0 கூட்டல் சீ1 பெருக்கல் எக்ஸ் என்ற நேர்கோடு. ரீகல்குலேட் அழுத்தினால் கீழே முடிவுகள் வரும்.

இந்த எட்டு வாசிப்புகளுக்கும் வர வேண்டிய விடை இது. படித்திறன் சீ1 ஏறத்தாழ 4.027, அதன் வழு 0.022. வெட்டுத்துண்டு சீ0 ஏறத்தாழ 0.007, அதன் வழு 0.015. உங்கள் திரையில் இவை வந்தால் மென்பொருள் சரியாக ஏறியிருக்கிறது, தசமக் குறி சரி, நிரல்கள் சரி.

அலைவுகாலத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்கும் இடையிலான படித்திறன் 4π² ஐ ஆர்முடுகலால் வகுத்தது. ஆகவே 39.478 ஐ 4.027 ஆல் வகுக்கப் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.80 வருகிறது. படித்திறனின் வழு அதன் 0.54 சதவீதம், அதே சதவீதம் ஆர்முடுகலுக்கும் போகும். எனவே 9.80 ± 0.05 மீற்றர் செக்கன்⁻².

பாடப்புத்தகப் பழக்கத்தில் 9.81 வர வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண் நடு அகலக்கோடுகளுக்கு உரியது. மட்டக்களப்பு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில், கடல் மட்டத்தோடு ஒட்டி இருக்கிறது. அகலக்கோட்டுச் சூத்திரத்தில் போட்டால் இங்கே ஆர்முடுகல் 9.781 தான் வருகிறது, அம்பாறைக்கும் மூன்று தசமதானம் வரை அதே எண். பூமத்திய ரேகைக்கு அருகில் பூமியின் சுழற்சி கூடுதலாகக் குறைக்கிறது, பூமியின் வயிறும் அங்கே சற்றுப் புடைத்திருக்கிறது. எட்டு வாசிப்பில் ± 0.05 வழுவோடு 9.81 ஐயும் 9.78 ஐயும் பிரித்தறிய முடியாது. அதை அறிக்கையில் அப்படியே எழுதுவதுதான் நேர்மை. 9.81 வரும்வரை வாசிப்பைத் திருத்துகிற பழக்கம் செய்முறைக் கொப்பிகளில் இன்னும் இருக்கிறது. அதனால் கெடுவது மாணவரின் கண். இந்த இரண்டு எண்களையும் பிரித்தறியும் அளவுக்கு வழுவைக் குறைத்துச் செய்த ஊசல் இங்கே 9.81 ஐ அல்ல, 9.78 ஐயே தர வேண்டும்.

வெட்டுத்துண்டையும் பாருங்கள். 0.007, வழு 0.015. பூச்சியம் அந்த எல்லைக்குள் விழுகிறது, எனவே கோடு உற்பத்தியினூடாகப் போகிறது என்று கொள்ளலாம். வரைபுத்தாளில் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல வழியில்லை.

புள்ளிகளின் வழுவையும் சேர்த்தல்

நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதம் 20 அலைவுகளின் நேரத்தில் 0.2 செக்கன் என்று எடுத்துக்கொண்டால், ஓர் அலைவுகாலத்தில் அது 0.01 செக்கன். வர்க்கத்தில் வரும் வழு 2 × அலைவுகாலம் × 0.01. நீளமான ஊசலுக்கு வழு கூடுகிறது: 0.30 மீற்றரில் 0.022, 1.00 மீற்றரில் 0.040.

இதற்கு நான்காவது நிரல் ஒன்றைச் சேர்த்து, முன்போலவே ஃபங்ஷன் வல்யூஸில் 0.02*x/20 என்று கொடுங்கள். எக்ஸ் மாறிக்கு இப்போதும் 20 அலைவுகளின் நேரம்தான். இந்த நிரலின் பிளொட் டெசிக்னேஷன் வை எரர். பிறகு வளைகோட்டின் புரொப்பர்ட்டீஸில் எரர் பார்ஸ் பகுதியில், வை அச்சுக்கு சிமெட்ரிக் என்று தெரிந்து இந்த நிரலைக் காட்டினால் ஒவ்வொரு புள்ளியிலும் வழுக்கோடு நிற்கும்.

படத்தில் வழுக்கோடு வந்துவிட்டதால் பொருத்தலிலும் அது சேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் தனித்தனி. ஃபிட்டின் அமைப்பில் வை எரர் என்ற இடத்தில் அந்த நிரலைக் கொடுத்து, வெயிட் என்பதை இன்ஸ்ட்ருமென்டல் ஆக்கி, மறுபடி ரீகல்குலேட் அழுத்த வேண்டும். அப்போதுதான் வழு குறைந்த புள்ளிகளுக்குக் கோட்டில் கூடுதல் செல்வாக்குக் கிடைக்கும்.

முடிவுகளில் ரெடியூஸ்ட் கை ஸ்குவயர் என்ற எண்ணைத் தேடுங்கள். நீங்கள் சொன்ன வழுவும் புள்ளிகளின் உண்மையான சிதறலும் ஒத்துப்போனால் அது 1ஐச் சுற்றி இருக்கும். மேலே உள்ள தரவுக்கு 0.2 செக்கன் வழுவோடு ஏறத்தாழ 0.2 தான் வரும், அதாவது வழுவைக் கூடுதலாக மதித்துவிட்டோம். 0.1 செக்கன் என்று மாற்றினால், நான்காவது நிரலின் சூத்திரம் 0.01*x/20 ஆகும், எண் 0.8 அளவுக்கு வரும். 5, 10 என்று ஏறினால் வழுவைக் குறைத்து மதித்திருக்கிறீர்கள், அல்லது நேர்கோடு இந்தத் தரவுக்கு ஏற்ற வடிவம் இல்லை. எது என்று தெரிய எச்சங்களை, அதாவது புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை, தனி வரைபாகப் போட்டுப் பாருங்கள். மேலும் கீழும் ஒழுங்கின்றிச் சிதறினால் வழுவின் மதிப்பீடுதான் பிரச்சினை. ஒரு கிண்ணம் போல வளைந்தால் வடிவம் பிழை.

விடை ஒத்துவராவிட்டால்

தவறு ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணை விட்டுச் செல்லும், அந்த எண்ணை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். ஆர்முடுகல் 980 அளவில் வந்தால் நீளம் சென்ரிமீற்றரில் நிற்கிறது. 0.0245 அளவில் வந்தால் 20 ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள். 10.8 வந்தால் அலைவுகளை எண்ணியதில் பிழை: குண்டை விடும்போதே ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் உண்மையில் 19 அலைவுகளே ஆகும். எண்ணிக்கையைப் பூச்சியத்தில் தொடங்க வேண்டும்.

ஆர்முடுகல் சரி, வெட்டுத்துண்டு மட்டும் தெளிவாகப் பூச்சியத்துக்கு மேலே என்றால் நூலின் நீளத்தை மட்டும் அளந்திருக்கிறீர்கள், குண்டின் ஆரையைச் சேர்க்கவில்லை. 1 சென்ரிமீற்றர் ஆரைக்கு வெட்டுத்துண்டு 0.04 அளவில் வரும். படித்திறன் இதனால் கெடாது, அதனால்தான் வரைபு வழி தனி வாசிப்பு வழியைவிட நம்பத்தக்கது. ஆர்முடுகல் 9.4, 9.5 என்று குறைந்தால் குண்டை மிக அகலமாக விட்டிருக்கலாம். 30 பாகை வீச்சில் அலைவுகாலம் 1.7 சதவீதம் கூடும், 10 பாகையில் 0.2 சதவீதத்துக்கும் குறைவு.

மென்பொருள் சொன்னதை நம்பலாமா என்று இன்னும் ஐயம் இருந்தால், வர்க்கமெடுக்காமல் அலைவுகாலத்தையே நீளத்துக்கு எதிராக வரைந்து, ஃபிட்டில் பொலினோமியலுக்குப் பதில் பவர் தெரியுங்கள். அடுக்கு 0.5க்கு மிக அருகில் வர வேண்டும்.

இதே ஏற்பாட்டில் உலர்மின்கலத்தின் அகத்தடையையும் காணலாம். எக்ஸ் அச்சில் ஓட்டம், வை அச்சில் முடிவிட அழுத்த வித்தியாசம், பொலினோமியல் டிகிரி 1. வெட்டுத்துண்டு மின்னியக்க விசை, மறைப் படித்திறனின் எண் பெறுமானம் அகத்தடை. அங்கே வை அச்சு பூச்சியத்தில் தொடங்கினால் புள்ளிகளெல்லாம் மேலே ஒட்டிக்கொண்டு சரிவே தெரியாது. அச்சின் வீச்சைக் கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழில் அச்சுப் பெயர்களும் அச்சிடுதலும்

அச்சுகளுக்குத் தமிழில் பெயரிடலாம். அச்சைத் தெரிந்து டைட்டில் பகுதியில் யூனிகோட் தமிழில் தட்டுங்கள். விண்டோஸில் நிர்மலா எழுத்துருவும் உபுண்டுவில் நோட்டோ சான்ஸ் தமிழும் ஒழுங்காகத் தெரியும். பாமினியில் தட்டிப் பழகியவர்கள் இங்கே சிக்கிக்கொள்வார்கள். பாமினியில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது, எழுத்துரு மாறியதும் அர்த்தமற்ற ஆங்கிலமாகத் தெரியும். யூனிகோட் மாற்றி ஒன்றில் போட்டு எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். தலைப்பை லேட்டெக்ஸ் முறைக்கு மாற்றினால் தமிழ் எழுத்து பெரும்பாலும் உடையும், எனவே சாதாரண டெக்ஸ்ட் முறையிலேயே விடுங்கள். எக்செல்லில் இருந்து தமிழ்த் தலைப்போடு சீஎஸ்வி எடுக்கும்போது சீஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தெரிய வேண்டும். வெறும் சீஎஸ்வி என்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

கொமியூனிகேஷன் கடையில் அச்செடுக்கப் போகும்போது எல்எம்எல் கோப்பைக் கொண்டு போனால் அங்கே திறக்காது. வேர்க்‌ஷீட்டைத் தெரிந்து ஃபைல், எக்ஸ்போர்ட் என்று போய்ப் பீடிஎஃப் ஆக எடுங்கள். பெரிதாக்கினாலும் கோடு உடையாது. வேர்டில் ஒட்டுவதற்கு என்றால் பீஎன்ஜீ, 300 டீபீஐ. கறுப்பு வெள்ளையில் அச்சிடும் கடைகளே கூடுதல் என்பதால் கோட்டையும் புள்ளியையும் நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல், புள்ளிக்கு நிரப்பிய வட்டமும் கோட்டுக்கு ஒரு பொயின்ட் தடிப்பும் கொடுங்கள். வழுக்கோடு அதைவிட மெல்லிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஃபோட்டோகொப்பியில் புள்ளியும் கோடும் ஒன்றாகக் கலந்துவிடும்.